திறக்காத தண்ணீர் பாட்டில்

முதுநகரில் ஒரு பள்ளிக்குப் பொதுத்தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு மாணவி. படிய வாரிய தலை, காய்ந்த உதடு. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை மூன்று மணி நேரமும் அவள் திறக்கவே இல்லை.

விடைத்தாளை வாங்கும்போது, "தண்ணி குடிக்கலையாம்மா?" என்றேன்.

"குடிச்சா பாத்ரூம் போவணும் மிஸ். அங்க நாலு படி. ஸ்கூல்ல நான் குடிக்கிறதே இல்ல."

"சாய்தளம் கட்டலையா?"

"கட்டியிருக்காங்க. நெழலா இருக்குன்னு டீச்சருங்க அதுல வண்டி வுடுறாங்க."

கொதித்துப்போய்த் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். "புள்ள நாக்கு வறண்டு ஒக்காந்திருக்கு. ஒங்க வண்டி வெயில்ல காயக்கூடாதோ?" என்று கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "மொதல்ல ஒங்க ஸ்கூட்டிய எடுங்க மேடம்."

நிழலைப் பார்த்துக் காலையில் நான் அதை அந்தச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தியதை ஜன்னல் வழியாக அவள் பார்த்திருப்பாள். பார்த்தும், 'நீங்களுந்தான் மிஸ்' என்று அவள் சொல்லவில்லை.