கூப்பிடாத குரல்

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் மோதியது. சித்தி படுத்திருந்த கோரைப்பாயின் அதே வாடை.

நான் சின்னவளாக இருந்தபோது பாளையங்கோட்டை வீட்டில் அந்திக்கு மேல் ஒற்றைக் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. "மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசக் குரலு, கேட்டியா?" என்பாள் அம்மா. சித்தியோ ஒரு குரலும் இல்லாமலே, சோறு வடித்துக்கொண்டே, "இந்தா வாரேன்" என்பாள்.

"ஏட்டி, யாருக்குச் சொல்லுத?" என்று அம்மா அதட்டினால் திருதிருவென விழிப்பாள்.

அப்படிச் சொல்லத் தொடங்கிய மறுவருஷம் அவள் மார்பில் கட்டி வந்தது. பாயில் கிடந்த கடைசி நாட்களிலும் சுவரைப் பார்த்து, "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இன்று நான் புற்றுநோய் செல்களை வளர்த்து ஆராய்கிறேன். வளரச் சொல்லிச் சேதி வந்தால்தான் நல்ல செல் பெருகும். என் தட்டில் இருப்பவை எந்தச் சேதியும் வராமலே பெருகுகின்றன. காரணம் கேட்கும் மாணவர்களிடம் ஒரு புரதத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். சித்தியைப் பற்றிச் சொன்னதில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பின்னால் என் ஆராய்ச்சி மாணவி நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், யாருக்கு வாரேன்னு சொல்லுதீக? நான் கூப்பிடலையே."