எட்டு நாற்காலி மேசை

டெஸ்ஸா அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, சாப்பாட்டுக் கூடத்தில் எட்டு நாற்காலி போட்ட மேசையாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். சின்ன மேசை என்றால் ஒண்டிக்கட்டை என்று ஒதுக்கிவிடுவார்களாம். பெரிய மேசைக்கு யாராவது வந்துதானே ஆகவேண்டும்?

வராமல் இல்லை. “இந்த நாற்காலிய எடுத்துக்கட்டுமா?” என்று கேட்கத்தான் வந்தார்கள். “ஓ, தாராளமா!” என்று இவளும் பல்லைக் காட்டுவாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவ்வளவு பெரிய மேசைக்கு அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒன்றுதான் மிஞ்சும்.

தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் மாணவியர் சங்கத்துப் பெண்கள். நெஞ்சில் சங்கத்தின் பெயரைக் கிரேக்க எழுத்தில் போட்ட பனியனோடு பத்துப் பன்னிரண்டு பேராகத்தான் சாப்பிடவே வருவார்கள். டெஸ்ஸாவின் அறைத்தோழி பெய்ட்டனும் அதில் ஒருத்தி. சேரும்போது இவளையும் இழுத்துப் பார்த்தாள்.

“ஒரு வாரந்தான்டி. ஒவ்வொரு சங்க வீடாப் போய்ச் சிரிச்சுப் பேசணும், அவ்ளோதான்.”

“அப்புறம் என்னப் புடிச்சிருக்கா இல்லையான்னு உள்ள உக்காந்து ஓட்டுப் போடுவாங்களாமே. ஆள விடு தாயே!”

அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தமில்லை. சங்கத்தில் சேர்ந்துவிட்டால் எல்லாரும் சகோதரிகளாம். அறுபது சகோதரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒருத்தி போதும். அந்த ஒருத்திக்காகத்தான் ஏங்கி ஏங்கி, சில நாள் தட்டைப் பார்த்தாலே அழுகை முட்டியது. ஊர்ப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து கடைசிவரை அதே பதினான்கு பேர். சிநேகிதம் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளவே அங்கே தேவை இருக்கவில்லை.

“யாரோடடி சாப்பிடுற?” என்று அம்மா போனில் கேட்பாள்.

“பெரிய மேசைம்மா. எட்டுப் பேரு.”

“அடேயப்பா! பேரெல்லாம் சொல்லேன்.”

“வகுப்புக்கு நேரமாச்சும்மா.”

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம். மாட்டிறைச்சி போட்ட மிளகாய்க் குழம்பும், அந்த ஊர் வழக்கப்படி கூடவே லவங்கப்பட்டை இனிப்பு பன்னும். ஐந்து நாற்காலி அதற்குள் போய்விட்டது. அன்றைக்கு டெஸ்ஸாவின் பொறுமையும் கூடவே போய்விட்டது. சிவப்பு மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி ஆறாவதன் முதுகில் கை வைத்தாள்.

“இந்த நாற்காலி...”

“ஆள் வருது,” என்றாள் டெஸ்ஸா வெடுக்கென்று.

“ஓ, சாரி.”

அவள் திரும்பி நடந்தபோதுதான் மறு கையில் தட்டு இருந்ததை டெஸ்ஸா பார்த்தாள். நாற்காலி எடுக்க வருகிறவர்கள் தட்டோடு வருவதில்லை. அந்தப் பெண் சுவரோரம் ஒற்றை நாற்காலி போட்ட குட்டி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

இரண்டு மாதமாகக் காத்திருந்து, வந்தவளைத் தன் வாயாலேயே துரத்தியாயிற்று. குழம்பு ஆறும்வரை அப்படியே இருந்தாள். பிறகு ஒரு கையில் தட்டும் மறு கையில் தன் நாற்காலியுமாகக் கிளம்பினாள். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்ட சத்தத்துக்குச் சங்கத்துப் பெண்கள் மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சிவந்தாலும் நிற்கவில்லை.

“உங்க ஆளுங்க வரலையா?” என்றாள் மழைக்கோட்டுக்காரி.

“அப்படி யாரும் இல்ல. பொய் சொன்னேன். இங்க உக்காரலாமா?”

“நாற்காலியோட வந்து நிக்கிறவளப் போன்னா சொல்ல முடியும்? உக்காரு. ஆமா, காரக் குழம்புக்குப் போயி இனிப்பு பன்ன யாராச்சும் தொட்டுக்குவாங்களா? எங்க ஜார்ஜியாவுல கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“பிச்சு, குழம்புல முக்கு. அப்புறம் பேசு.”

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

“இன்னைக்கும் எட்டுப் பேருமாடி?”

“ஒருத்திதாம்மா,” என்றாள் டெஸ்ஸா. “பேரு ஜோரி.”