வரிசையில் நின்ற பொத்தான்

அந்த மில்லிங் மெஷினின் சிவப்புப் பொத்தான் உள்ளங்கை அகலம் இருக்கும். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எண்பதுகளில், கொடைக்கானலில் ஒரு சிறிய பட்டறையில் நான் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், அங்கே எஞ்சினியர். கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைச் செதுக்கும் அந்த மெஷினுக்கு உள்ளே ஓடிய புரோகிராம் முழுவதும் அவர் எழுதியது.

கம்ப்யூட்டருக்கு ஒரே சமயத்தில் பல வேலைகள். வெட்டும் கருவியை நகர்த்த வேண்டும், அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், திரையில் எண்களைக் காட்ட வேண்டும். எது முந்தி, எது பிந்தி என்று தீர்மானிப்பது அத்தானின் புரோகிராம். மெஷினை நிறுத்தும் அந்தச் சிவப்புப் பொத்தானையும் அவர் அந்த வரிசையிலேயே, திரையில் எண் காட்டும் வேலைக்கு அடுத்ததாக வைத்திருந்தார். சோதித்தபோதெல்லாம் திரையில் அதிக எண்கள் ஓடவில்லை; மெஷின் உடனே நின்றது.

அதை ஓட்டியவள் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பத்துப் பெண். ஒரு காலை அவளுடைய இடது கையுறையின் நுனி கருவியில் சிக்கியது. வலது கையால் பொத்தானை அமுக்கினாள். திரையில் எண்கள் ஓடி முடிந்த பிறகே மெஷின் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். மோதிர விரல் போய்விட்டது.

"அமுக்கினேனே சார்," என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் புரோகிராமைத் திருத்தி, பொத்தானை எல்லா வேலைக்கும் முன்னால் வைத்தார். காயம் ஆறி அவள் வந்த அன்று, தன் கையையே கருவிக்கு அடியில் நீட்டி, "ஓட்டும்மா, ஓட்டிட்டு அமுக்கு," என்றார்.

"கைய எடுங்க சார். உங்க கை போனா என் வெரல் மொளைக்கவா போகுது?"

பையிலிருந்து ஒரு கேரட்டை, பக்கத்துப் பூண்டி கிராமத்தில் விளைந்ததை, எடுத்து வைத்து ஓட்டி, பொத்தானை அமுக்கினாள். கருவி அதைத் தொடுமுன் நின்றது. கேரட்டைக் கழுவித் தின்றாள். எல்லோரும் சிரித்தோம், அத்தானைத் தவிர.

மறு வருடம் அவளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் மாப்பிள்ளை மோதிரத்தோடு அவள் இடது கையைத் தேடினான். அவள் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினாள். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் போனேன். மஞ்சு மூட்டத்துக்குள் நின்றிருந்தார்.

"அவ கைய நீட்டுறதுக்கு முந்தி எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோமே, மச்சான். அன்னிக்கு மெஷின் நிக்க எடுத்துக்கிட்டதும் அதே நேரந்தான்."

அதன் பிறகு அவர் எந்த மெஷினுக்கும் எழுதவில்லை. அவரும் அக்காவும் மலையிறங்கிப் பாலசமுத்திரத்துக்குக் குடிபோனார்கள். அக்காவைக் கூப்பிட்டு உடனே பதில் வராவிட்டால் அவர் முகம் வெளிறிவிடும். அடுப்பில் எது கிடந்தாலும் போட்டுவிட்டு, "இந்தா இருக்கேங்க, இந்தா இருக்கேன்," என்று அக்கா ஓடிவருவாள்.