மூன்று தட்டில் தோற்ற காது

நாகபூஷணம் எண்பத்தேழு வயது வரை வாழ்ந்தார். நினைவு தப்பிய கடைசி மாதத்திலும் ஒரு காலைப்பொழுதை மட்டும் பிழையில்லாமல் சொன்னார்.

1959. புத்தூர் ரயில் பாதையில் அவர் கீமேன். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்புகளைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது வேலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு. தளர்ந்திருந்தால் சத்தமே சொல்லிவிடும். அந்தக் காதின் மேல் அவருக்கு அசாத்தியக் கர்வம்.

திருத்தணியில் மாமன் வரதராஜன் வீடு. மாமன் மகள் செங்கம்மாவைக் கட்டிக்கொள்வதைத் தவிர அந்த வருடம் அவருக்கு வேறு சிந்தனை இல்லை. மாமனுக்கோ எல்லைக் கவலை. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகப்போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே நிற்கிறது. பெண்ணை வேறு ராஜ்யத்திலா கொடுப்பது என்று, திருவள்ளூரில் ஒரு வாத்தியாரைப் பார்த்து வைத்திருந்தார்.

அன்று காலை மாமன் வீட்டுக் கொல்லைக் கொய்யாமரத்தில் ஓயாமல் ஒரு சத்தம். டிக், டிக், டிக். முறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செங்கம்மா பந்தயம் கட்டினாள். கத்துவது அணிலா, தையல்சிட்டா? அண்ணாந்து பார்க்காமல் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவளே தகப்பனிடம் பேசுவாள். தப்பினால் அவர் வாயைத் திறக்காமல் புத்தூர் வண்டி ஏற வேண்டும்.

மூன்று டிக் கேட்டார். அணில் என்றார்.

"இன்னா மாமா, அவ்ளோதானா? இன்னும் கொஞ்சம் கேளு."

"மூணு போதும் எனக்கு."

நிரூபிக்கிறேன் என்று, கையோடு கொண்டுவந்திருந்த சுத்தியால் மரத்தைத் தட்டினார். அணில் ஒன்று விழுந்தடித்து இறங்கி அவர் தலைப்பாகையில் உட்கார்ந்தது. அவர் குதித்தார். அதுவும் குதித்தது. செங்கம்மா சிரித்துச் சிரித்துத் துவைகல்லில் சாய்ந்து, கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

மேலே சத்தம் நிற்கவில்லை. முப்பது டிக் ஆனதும் சட்டென்று வேறு சுருதிக்குத் தாவியது. அணிலுக்கு அந்த வித்தை வராது. வாலைச் சொடுக்கிச் சொடுக்கி ஒரே சுருதியில்தான் கத்தும். இலை மறைவில், வாலை நிமிர்த்திக்கொண்டு, கட்டைவிரல் அளவு சிட்டு.

செங்கம்மா அணிலைத்தான் பார்த்திருந்தாள். ஜெயித்ததாகவே இருந்துவிடலாம்.

"கத்தினது சிட்டு. நான் தோத்துட்டேன்," என்று செருப்பை மாட்டினார்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். "நைனா, வாத்தியாரு வேணா. பொய் சொல்லத் தெரியாத ஆளு ஒண்ணு கொல்லையில நின்னுக்கினு கீது."

வரதராஜன் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியது. மார்ச்சிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. ஆந்திராவிலிருந்து ஆந்திராவுக்குத்தான் பெண் கொடுத்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.