தலையாட்டும் கேமரா

எங்கள் கடைத்தெருவில் எந்த மெஷின் கெட்டாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சரிசெய்வேன் என்பதால் அல்ல. நான் கைவைத்த பிறகு அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு உறுத்தாது என்பதால். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேப்பர் சிக்கினால் கிழியாமல் எடுக்கத் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லா மெஷினுக்கும் வைத்தியம் சொல்லி வந்தேன்.

பக்கத்தில் இருப்பது பாத்திரக்கடை. பாயும் அவர் மனைவியும் காலையிலிருந்து கடையில்தான் நிற்பார்கள். இரண்டு தெரு தள்ளி, மாடியில் அவர்கள் வீடு. பகலில் அங்கே இருப்பவர் பாயின் அண்ணன் மட்டும். கல்வராயன் மலைச் சந்தைகளுக்கு வேனில் பாத்திரம் ஏற்றிப் போய் விற்றுவந்த மனிதர். ஒருமுறை வெள்ளிமலைக்கு என்னையும் கூட்டிப்போனார். வளைவுக்கு வளைவு வேனை நிறுத்தி, நான் வாந்தியெடுத்து முடிக்கும்வரை முகம் சுளிக்காமல் காத்திருந்தார். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிச்சம் இருந்தது இடக்கை.

அவர் கட்டிலுக்கு எதிரே கேமரா மாட்டச் சொன்னவன் நான்தான். உருண்டைத் தலை. செல்போனில் விரலால் தள்ளினால் கிர்ரென்று திரும்பும். கடையில் இருந்தபடியே அதன் வழியாகப் பேசவும் செய்யலாம். அந்தக் கிர்ர் சத்தம் கேட்டால், தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று அண்ணன் தெரிந்துகொள்வார். உள்ளங்கையைக் காட்டினால் தண்ணீர். சுண்டுவிரல் என்றால் பாத்ரூம். “தோ வந்துக்கினே இருக்கேன்ணா” என்று போனில் சொல்லிவிட்டுப் பாய் வண்டியை உதைப்பார்.

ஒருநாள் பாய் போனை நீட்டினார். “யோவ், இது இன்னா இங்கிலீஷ்ல ஏதோ வருது?”

“ஒண்ணுமில்ல பாய். நன்றி சொல்றான்.”

நன்றி சொன்னது உண்மைதான். இத்தனை நாள் பயன்படுத்தியதற்கு நன்றி, மாதக் கடைசியோடு இந்த ஆப்பை நிறுத்துகிறோம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்த மாதம் ஆப்பைத் திறந்தால் அந்த நன்றி மட்டும் வந்தது, அண்ணன் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். “பழைய மாடல் சார், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கங்க” என்றார்கள்.

வாங்கினோம். தேர்ந்தெடுத்ததும் நான்தான். “திரும்பறது, பேசறது எல்லாம் எதுக்கு பாய், கம்மி வெலையில முடிங்க. ரூம் பூரா அப்படியே தெரியுது பாருங்க” என்றேன். தெரிந்தது. சுவரில் ஊரும் பல்லிகூடத் தெரிந்தது. ஆனால் அண்ணன் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்பதில்லை. சுண்டுவிரல் காட்டுவதில்லை. மதியம் பாய் சாப்பாடு கொண்டுபோகும்போது படுக்கை நனைந்திருக்கும். அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பார்.

பாயின் மனைவிதான் கண்டுபிடித்தார். “அந்தப் பழசு கிர்ருனு திரும்பும்ல தம்பி. ஆளு பாக்குதுனு அவருக்குத் தெரியும். இது சும்மா ஆணி மாதிரி நிக்குது. யாரு பாக்கறாங்கனு தெரியாம எவ்ளோ நேரம் ஒரு மனுசன் கையத் தூக்கிக்கினு இருப்பாரு?”

நான் மாடிக்குப் போய்க் கட்டிலருகே நின்றபோது, இன்னும் சுவரிலேயே இருந்த பழைய கேமராவை அண்ணன் இடக்கையால் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“திரும்பற மாதிரி புதுசு ஒண்ணு வாங்கிரலாமா பாய்?” என்று மெல்லக் கேட்டேன்.

“உன்ன வித்துதான் வாங்கணும். எவன் வாங்குவான் உன்ன?”

விசாரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. கேமரா சாகவில்லை. அந்த வீட்டு வைஃபைக்குள் அது பாட்டுக்கு விழித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே வரும் வழியைத்தான் கம்பெனி அடைத்துவிட்டது. என் கடையில் பழைய ரெக்கார்டர் பெட்டி ஒன்று தூசி தின்றுகொண்டிருந்தது. கேமராக்களை இணைத்துப் பார்க்கும் பெட்டி. அதற்கென்று ஓர் ஆப் இருந்தது, அதை யாரும் இன்னும் மூடவில்லை. பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இந்தக் கேமராவை அதோடு சேர்த்துவிட்டால் பெட்டியின் வழியாக வெளியே வரலாம்.

சேர்ப்பதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். அது கேமராவின் அடியில் ஸ்டிக்கரில் இருந்தது. ஸ்டூல் மேல் ஏறி, கழுத்தை ஒடித்துப் படித்துச் சொன்னேன். பாய் கீழே பெட்டியில் அடித்தார். தப்பு என்றது. மறுபடி படித்தேன். மறுபடி தப்பு. எட்டு என்று நான் சாதித்துக்கொண்டிருந்தது இங்கிலீஷ் பி என்பது, ஸ்டூல் ஆடி நான் அண்ணனின் காலடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெளிந்தது. அண்ணன் ஒருபக்க வாயால் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை என்பதால், இன்னொரு தரம் விழலாமா என்றுகூட நினைத்தேன்.

பாய் போனில் விரலைத் தள்ளினார். கிர்ரென்று தலை திரும்பியது. அந்த நொடியே அண்ணனின் உள்ளங்கை உயர்ந்தது. பாய் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

குறை ஒன்று இருந்தது. பெட்டியின் வழியாகப் படம் வந்தது, பேச்சு போகவில்லை. அதற்குப் பாயே வழி கண்டுபிடித்தார். கேமராவின் தலையை மேலும் கீழும் ஆட்டினால் சரி. பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. அண்ணன் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்குப் போகப் பாய் கடைக்குப் பின்னால் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் கல்லாப் பக்கம் நின்றிருந்தேன். ரிஷிவந்தியத்திலிருந்து இட்லிக் குண்டான் வாங்க வந்தவர் கல்லா மேல் இருந்த போனைப் பார்த்து “இது இன்னாங்க?” என்று கேட்டுவிட்டார். கேட்டால் விடுவேனா? எடுத்துச் செய்துகாட்டினேன். மேலே, கீழே, மேலே, கீழே. படத்தில் அண்ணன் தலையைத் தொட்டார், கதவைக் காட்டினார். அரிக்கிறது போல என்று நினைத்து இன்னும் நன்றாக ஆட்டினேன்.

பாய் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். “யோவ், இன்னா பண்ண?”

“ஒண்ணும் பண்ணல பாய். சும்மா மேல கீழ.”

“பள்ளிவாசலுக்கு நானும் வரட்டானு கேக்கறாருய்யா. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கேப்பாரு. அந்தக் குறுகல் படியில எப்படி எறக்கறதுனு நானும் இல்லனு ஆட்டிக்கினே வரேன்.”

படத்தில் அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டார். ஒற்றைக் கையால் வைத்ததில் அது காதின் மேல் சரிந்தது. எடுத்து மறுபடி வைத்தார். பிறகு கேமராவையே பார்த்தபடி காத்திருந்தார்.

பாயின் விரல் போனுக்குப் போனது.

“இப்பப் போயி இல்லனு ஆட்டுவீங்களா?” என்றார் அவர் மனைவி.

பாய் விரலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். “ஆட்டனது நீ. வந்து தூக்கு.”

வீட்டுக்கு ஓடி, அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். முன்னால் பாய், பின்னால் நான். குண்டான் வாங்க வந்தவரும் “நல்ல காரியத்துக்கு ஒரு கை” என்று நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். எங்கள் மூவரில் மூச்சு வாங்கியது எனக்கு மட்டும்தான். பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்து வெளியே கொண்டுவந்தபோது ஆளாளுக்கு அவர் இடக்கையைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்ததும் பாய் குனிந்து கேட்டார். “வூட்டுக்குப் போலாமாண்ணா?”

அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். கடைப்பக்கம் கையைக் காட்டினார்.

அன்று இருட்டும்வரை அவர் கடையில், அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கல்லா மேல் கிடந்த போனில் காலிக் கட்டில் தெரிந்துகொண்டே இருந்தது.