இறப்புச் சான்றிதழ் கொடுத்தவர்

அடுத்தவர் தட்டிலிருந்து ஆலிவ் காயை எடுத்தாகிவிட்டது. கறி அடைத்துச் சுடும் எம்பனாடாவைப் பிய்த்து, கறியை ஓரம் தள்ளி, உள்ளே கிடக்கும் ஆலிவைக் கேட்காமலே கொண்டுபோவது டாக்டர் எர்மெலிண்டா ஆராயாவின் வழக்கம். தின்பதற்கு அல்ல, தன் தட்டின் நடுவில் குவித்துக் காட்டுவதற்கு. அந்தோஃபகாஸ்தா நகரில் எங்கள் வானியல் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆலிவ் இல்லாத எம்பனாடாவுக்குப் பழகித்தான் ஆகவேண்டும்.

"ஒவ்வொரு ஆலிவும் ஒரு விண்மீன் மண்டலம்னு வெச்சுக்க. பிரபஞ்சம் பச்சப்புள்ளயா இருந்தப்பவே ஒண்ணை ஒண்ணு இழுத்துக் கூட்டம் சேந்துடுச்சுங்க. நட்சத்திரம் பண்ணக் குளிர்ந்த வாயு வேணும். இந்த நெரிசல்ல அது தங்குமா? பாதி சூடேறிப் போகும், பாதி பறிபோகும். அப்புறம் எதை வெச்சுப் பண்றது?"

குள்ள உருவம். கட்டடத்துக்குள்ளும் கழற்றாத வைக்கோல் தொப்பி. தவறான பேருந்தில் ஏறி வெகுதொலைவிலுள்ள கலாமா ஊர் வரை போய்த் திரும்பிய நாளில்கூட, "டிரைவர்தான் வழி மாறிட்டான்" என்றார். தப்பு தன்னுடையது என்று அவர் சொல்லி, பல ஆண்டுகளாக அடுத்த மேசையில் இருக்கும் நான் கேட்டதில்லை.

அவர் ஆராய்ந்த தொலைதூர விண்மீன் மண்டலக் கொத்தின் நடுவில் இருந்த பெரிய மண்டலத்துக்கு 'ராணி' என்று பெயர் வைத்திருந்தார். "ராணி செத்துட்டா. நட்சத்திரம் பண்றதை நிறுத்தி எவ்வளவோ காலமாச்சு" என்பார். எதிர் அறை ஓஸ்வால்தோ விடமாட்டார்.

"சாகல, எர்மெ. முன்னால தூசி மறைக்குது. அடுப்பு எரியுது, புகையில உனக்குத் தெரியல."

"மொதல்ல உன் கண்ணாடியில இருக்கற தூசியைத் துடைப்பா."

பல நாட்டு வானியலாளர்கள் எங்கள் ஊரில் கூடும் மாநாடு வந்தது. தொடக்க உரை எர்மெலிண்டாவுடையது. தலைப்பு, 'ராணியின் மரணம்'. முந்தைய நாள் பிற்பகல், மேட்டுநிலத்துத் தொலைநோக்கி ஆன்டெனாக்கள் ராணியைப் பார்த்த படம் வந்து சேர்ந்தது. சுற்றியிருந்த மண்டலங்கள் இருண்டு கிடந்தன. நடுவில் ராணி மட்டும் ஒரு பிரகாசமான புள்ளி. உள்ளே புது நட்சத்திரங்கள் பிறந்து, அந்தச் சூட்டில் தூசி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஓஸ்வால்தோ கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு நீ எழுதி வெச்சதையே பேசு. இதை அப்புறம் சொல்லிக்கலாம். நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

எர்மெலிண்டா திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார். தொலைநோக்கிமேல் பழி விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"கள்ளி" என்றார் கடைசியில். "உசிரோட இருந்துக்கிட்டே எங்கிட்ட இறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கா."

பிறகு சண்டை எதுவும் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையேறியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் அந்தப் படத்தைப் போட்டார்.

"சுத்தி இருக்கறவங்க நிறுத்திட்டாங்க. இவ நிறுத்தல. தப்பு என்னோடது. சரியாச் சொன்ன ஆளு கடைசி வரிசையில ஒளிஞ்சிருக்கான்."

விறுவிறுவென்று இறங்கி நடந்தார். ஓஸ்வால்தோவை எழுப்பி, ஒலிவாங்கியைக் கையில் திணித்து, முதுகில் தள்ளி மேடைக்கு அனுப்பினார். அவருடைய இருக்கையில் தான் உட்கார்ந்துகொண்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கேள்வி கேட்கக் கையை உயர்த்தினார்.