மாவ்பியில் பனி இருக்கிறதாம்

அதிகாலை ஐந்தே காலுக்கு யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட்டில் பஸ் ஏறினோம். மாவ்பி சுமார் ஐம்பது கிலோமீட்டர். கூட்டிப் போவது அம்மா. நான் யாங்கோனுக்கு வந்து ஒரு வாரமாகிறது; இன்னும் நான்கு நாளில் விமானம். அதற்குள் எனக்குப் பனி காட்ட வேண்டுமாம்.

பிழை மொழியில் இருக்கிறது. தமிழில் புல்லில் நிற்பதும் பனி, மலையில் உறைந்து கிடப்பதும் பனி. பர்மியருக்கும் இரண்டும் 'ஹ்னின்'தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், உகாண்டாவின் ருவென்சோரி மலை உச்சியில், உறைபனிக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் படிக்கிறேன் என்று போனில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிபட்டது 'பனி'யும் அதில் ஏதோ பூச்சியும்தான்.

இன்செய்னில் ஏறிய டோ சான் என்ற பூக்காரம்மாவிடம் அம்மா பர்மிய மொழியில் பெருமையாகச் சொன்னார்: "என் மக ஹ்னின் படிக்கிறா."

"அதைப் படிக்கணுமா? வெயில் வந்தா ஓடிப்போயிடுமே."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அங்கேயும் அதுதான் நடக்கிறது. அந்த உச்சியில் பனி ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. ஒரு சிட்டிகை பனியில் பாக்டீரியா, பாசி, பூஞ்சை என்று ஓர் ஊரே குடியிருக்கும். காற்றில் வந்த தூசியைத் தின்று பிழைக்கும். பனி போனால் அவற்றுக்கு வேறு வீடு இல்லை. அதனால்தான் திரும்பிப் போக வேண்டும் என்கிறேன். அம்மா போக வேண்டாம் என்கிறார்.

ஆறே முக்காலுக்கு மாவ்பி. அங்கே குடியிருக்கும் சித்தியின் கீரைப் பாத்திகள் பனியில் வெள்ளையாகப் பூத்திருந்தன. செருப்பு நனைந்து வழுக்கியது. தூரத்தில் யாரோ தென்னை மட்டை எரிக்கும் வாசனை. இந்த ஈரத்துக்கு ஒரு வாசனை உண்டு; ருவென்சோரியில் எத்தனை இரவுகள் அதைத் தேடியிருக்கிறேன்.

அம்மா ஒரு கீரை இலையைச் சாய்த்து என் உள்ளங்கையில் சொட்டவிட்டார்.

"இதுல உன் பூச்சி இருக்குமா?"

பொய் சொல்ல வரவில்லை. "இருக்கும்மா. நிறைய இருக்கும்."

"அப்ப இதையே பாரேன். எதுக்கு அவ்வளவு தூரம்?"

"இது நாளைக்கும் வரும்மா. அது வராது."

அம்மா கீரை பறித்தார். ஒரு கட்டு சேர்ந்தது. இரண்டாவது கட்டுக்கு நார் கிழிக்கும்போது கேட்டேன்: "நீயும் ஒருதடவை வர்றியாம்மா?"

"எனக்கு இதுவே குளிருது."

சொன்னவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தான் போர்த்திக்கொள்ளவில்லை. என் தலையைச் சுற்றி, காதை மூடி இறுக்கி முடிந்தார்.

"அங்க நிக்கும்போதும் இப்படிக் கட்டிக்க. பனி தலையில இறங்கிடும்."